ஏழாவது பெயர்

“‘தொலைந்தவர்கள் ஏழு பேர்’னு எழுதியிருக்கீங்களே தேவிபிரியா, தொலைஞ்சுபோறதுக்கு அவங்க என்ன பேனாவா, குடையா?”

கைப்பேசித் திரையில் டாக்டர் ராமலட்சுமி சிரிக்காமல் கேட்டார்.

தேவிபிரியாவுக்கு முகம் சுருங்கியது. “ஆராய்ச்சியில அப்படித்தானே மேடம் எழுதுவாங்க? பாதியில மாத்திரையை நிறுத்திட்டு ஊரைவிட்டுப் போனவங்களை...”

“எழுதுவாங்க. ஆனா அவங்க தொலையல. நாமதான் தேடல. அவங்க என்ன ஆனாங்கன்னு தெரியாம இந்தச் சுருக்கத்தை அனுப்பாதீங்க.”

மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதப் புதியவர்களுக்கு இணையம் வழியாகக் கற்றுத்தரும் திட்டம் அது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், மொத்தம் நான்கு வாரம். அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பொது சுகாதாரம் படித்து, அங்கேயே காசநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த தேவிபிரியாவுக்கு இதுதான் முதல் ஆய்வு. பதினைந்து வருடத்துக்கு முந்தைய பதிவேட்டில் இருந்த அறுபத்து நான்கு இளம் நோயாளிகளைப் பற்றியது. கற்றுத்தர வந்தவர் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டர். இருநூற்றைம்பது சொல்லைச் சரிபார்த்துக் கொடுப்பார் என்று பார்த்தால், ஊர் ஊராக அலையச் சொல்கிறார்!

“வெள்ளைக்கார ஊர்ல உக்காந்துக்கிட்டு லேசாச் சொல்லிட்டாக. இந்த வெயில்ல யாரு அலையுறது?” என்று அலுத்துக்கொண்டார் களப்பணியாளர் சோணைமுத்து. ஆனாலும் மறுநாள் காலையில் பைக்கோடு வந்து நின்றார்.

மூன்று வாரம் அலைந்தார்கள். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். மூன்று பேர் பிழைக்கப்போன ஊரில் சிகிச்சையை முடித்து நன்றாக இருந்தார்கள். ஆறாவது ஆள் மாரிக்கண்ணன். பாளையம்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக்குப் பேச்சு இருமினார்.

“புகை, தூசி... அதுதேன். வேற ஒண்ணுமில்ல தாயி.”

“எத்தனை நாளா அண்ணே?”

“அது கெடக்கு, ரெண்டு மாசமா.”

சோணைமுத்து அவரைப் பேசவே விடவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கையோடு சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். நோய் திரும்பியிருந்தது. அந்த வாரமே மருந்து தொடங்கியது. வீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். நல்ல வேளை, அவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஏழாவது பெயர்தான் கிடைக்கவில்லை. பதிவேட்டில் ‘பேச்சி, வயது 15, பந்தல்குடி’ என்று மட்டும் இருந்தது. பந்தல்குடியில் டீக்கடை வைத்திருந்த தங்கச்செல்விக்குத்தான் கொஞ்சம் ஞாபகம் இருந்தது.

“பாவம் அந்தப் பிள்ள. பள்ளிக்கூடத்துல யாரும் பக்கத்துல உக்கார மாட்டேன்னுட்டாக. குழாயில தண்ணி பிடிக்கப் போனாக்கூட ஒதுங்கி நில்லும்பாக. ஒருநா விடியுமுன்ன சட்டி பானையோட லாரி ஏறிட்டாக. எந்தூருன்னு யாருட்டயும் சொல்லல.”

நான்காவது சனிக்கிழமை இதையெல்லாம் தேவிபிரியா ஒன்றுவிடாமல் சொன்னாள். நோயாளிகளின் பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி; அதனால் முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்று எண்ணைத்தான் சொன்னாள். ஏழாம் ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் டாக்டரின் முகம் மறைந்தது.

“மேடம்? கேக்குதா?”

சற்று நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. “கேக்குது, சொல்லுங்க. நெட்வொர்க் சரியில்ல.”

அன்று வரிக்கு வரி திருத்தினார்கள். ‘தொலைந்தவர்கள்’ போய், ‘நாங்கள் தேடாமல் விட்டவர்கள்’ என்று வந்தது. கடைசி வரியாக, ‘ஒருவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினாள் தேவிபிரியா.

இரண்டு மாதம் கழித்து மாநாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. படித்ததும் அலுவலகத்திலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டாள்.

“மேடம், எடுத்துக்கிட்டாங்க! டெல்லியில மேடையில பேசச் சொல்லியிருக்காங்க!”

“எனக்குத் தெரியும், எடுப்பாங்கன்னு.”

“அதைவிட, அந்த ஆட்டோக்காரர் இப்ப இருமல் இல்லாம வண்டி ஓட்டுறாரு மேடம். அவரு சம்சாரம் நேத்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நியாயமா அவங்க உங்க கையைத்தான் பிடிச்சிருக்கணும். அன்னிக்கு நீங்க திட்டலைன்னா நான் தேடியே போயிருக்க மாட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

“நான்தான் உங்களுக்குச் சொல்லணும். மேடையில பேசும்போது ஒண்ணு மட்டும் மாத்திருங்க. அந்தக் கடைசி வரி வேண்டாம்.”

“ஏன் மேடம்? ஏழாவது ஆள் என்ன ஆனாங்கன்னு நமக்குத் தெரியாதே?”

டாக்டர் பதில் சொன்னபோது, அந்தக் குரலில் இத்தனை நாள் கேட்ட இங்கிலாந்தும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை.

“திருப்பூர்ல போயி மாத்திரைய முழுசா முழுங்கி முடிச்சிட்டா தாயி அந்தப் பிள்ள. நம்ம ஊர்ப் பக்கத்துப் பழைய பதிவேட்டை ஒரு பிள்ள பிரிச்சிருக்குன்னு உன் தலைப்பைப் பாத்ததும், உனக்குச் சொல்லிக்குடுக்குற வேலையை எனக்குத்தேன் தரணும்னு நானே கேட்டு வாங்குனேன். ராமலட்சுமிங்கிறது பள்ளிக்கூடத்துப் பேரு; வீட்டுல என்னையப் பேச்சின்னுதேன் கூப்பிடுவாக.”