மயில்வாகனத்தின் ஞானிகள்

"ஒரு கிரேக்க ஞானி இருந்தவராம்" என்று தொடங்கினார் மயில்வாகனம். "அவரிட்ட ஒருத்தன் வந்து, 'உலகத்திலேயே கனதூரத்தில இருக்கிற இடம் எது?' எண்டு கேட்டானாம். ஞானி என்ன சொன்னவர் தெரியுமே?"

கட்டிலில் பயணப் பெட்டியைத் திறந்துவைத்துச் சேலை மடித்துக்கொண்டிருந்த விமலேஸ்வரி நிமிரவில்லை.

"சொல்லுங்கோ."

"'கட்டின மனிசி ஊரில இல்லாத வீட்டு அடுப்படி' எண்டவராம்."

விமலேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு சேலையை எடுத்தாள்.

"ஞானியள் காய், கிழங்கைத் திண்டுபோட்டுத் தவம் செய்யிறவை எண்டெல்லே நான் நினைச்சனான்?"

"ஞானியெண்டால் பசிக்காதோ?" என்றார் மயில்வாகனம், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

வெளியே மழை விட்டிருந்தது. அக்கராயன் குளம் நிரம்பி வான் பாய்கிற சத்தம், யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மாலை வெயில் வயலெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. இந்த வெளிச்சத்தில் யார் எதைச் சொன்னாலும் நம்பலாம் போலிருந்தது விமலேஸ்வரிக்கு.

கனடாவில் மகள் சுதாஜினிக்குத் தை மாதம் தலைப்பிள்ளை. பிள்ளைப்பேறு பார்க்கத் தாய் போவதுதான் முறை. விமலேஸ்வரிக்கு விசாவும் வந்துவிட்டது. ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வளவு நேசமலரும் அப்படித்தான் ஆறு மாதத்துக்கென்று போனவள். அப்போது பிறந்த பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், நேசமலர் இன்னும் வந்தபாடில்லை. மயில்வாகனத்துக்குப் பயம் அதுதான்.

'போகாதை' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் வீட்டில் பேசியதெல்லாம் வயலுக்கு மருந்து, மாட்டுக்குத் தவிடு, கூரைக்கு ஓடு. வாசிகசாலையில் பத்திரிகைகளின் பொன்மொழிப் பெட்டிகளை ஒன்று விடாமல் வாசிக்கிற மனிதர்தான். ஆனால் வாசித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. விசா வந்த பிறகுதான் ஒவ்வொரு மாலையும் ஒரு ஞானியோ எழுத்தாளரோ வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

"நேற்றைக்கு வந்தவர் ஆர்? ரஷ்ய எழுத்தாளரோ?" என்று கேட்டாள் விமலேஸ்வரி.

"ஓம். பரிசு வாங்கப் போக ரயில் ஏறினவர், மனிசி கையசைக்கிறதைக் கண்டிட்டு அடுத்த பெட்டியால இறங்கி வந்திட்டார். இண்டைக்கு ஒரு சீன ஞானியும் இருக்கிறார்."

"அவரையும் வரச் சொல்லுங்கோ."

மயில்வாகனம் கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அவற்ர மனிசி, மகளைப் பார்க்கவெண்டு மலைக்கு அங்கால போயிட்டாவாம். ஞானி தனியக் காலபோக நெல்லு விதைச்சவர்."

"சீனாவிலயும் காலபோகமோ?"

"நெல்லெண்டால் போகம்தானே? கேளுமன். அரசன்ர ஆள் வந்து, 'விளைச்சல் எப்பிடி?' எண்டு கேட்டவன். ஞானி சொன்னவர், 'கதிரெல்லாம் நல்லாத்தான் முத்தியிருக்கு. வரம்பில நிண்டு நல்லாயிருக்கு எண்டு சொல்ல ஆளில்லை. அதால இந்தமுறை விளையேல்லை எண்டே அரசனிட்டச் சொல்லு.'"

விமலேஸ்வரியின் கை சேலையிலேயே நின்றுவிட்டது. குளக்கட்டில் ஒரு வயதான சீனர் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு, குடையும் கையுமாகத் தனியே நடப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய நடை எங்கோ பார்த்த நடையாக இருந்தது.

"அவருக்கும் முழங்கால் வருத்தமோ?" என்றாள் மெல்ல.

"வயசு போனால் ஞானிக்கும் வரும்தானே."

விமலேஸ்வரி சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். வெளிச்சம் சுவரில் மெதுவாக இறங்கியது.

"எனக்கும் ஒரு ஞானியைத் தெரியும். பொம்பிளை ஞானி. 'மனசில இருக்கிறதை நேர கேட்டால் அரைவாசிப் பாரம் அங்கேயே குறைஞ்சிடும்' எண்டு சொன்னவா."

மயில்வாகனம் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். இதோ கேட்கப்போகிறார் என்று விமலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவா எந்த ஊர்?" என்று கேட்டார்.

"அக்கராயன்."

அவர் வெட்கத்தோடு சிரித்தார். சிரித்தபடியே எழும்பி, மாடு கட்டவேணும் என்று முணுமுணுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் இருக்கிறார். அவர் இவையளை விடக் கெட்டிக்காரன்."

படலையைத் தாண்டும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள் விமலேஸ்வரி. இத்தனை வருடம் இந்த மனிதர் இவ்வளவு கதையையும் எங்கே வைத்திருந்தார் என்று நினைக்க, அவளுக்குக் கண் கலங்கியது.

கைப்பேசி அடித்தது. சுதாஜினி.

"அம்மா, அப்பா பக்கத்தில நிக்கிறாரே?"

"இல்லைப் பிள்ளை, சொல்லு."

"இவற்ர அம்மா லண்டனில இருந்து வந்து இறங்கிட்டா. இனி எல்லாம் அவா பார்ப்பா. அதுசரி, நீங்கள் வரேல்லை எண்டு சொன்னதுக்குப் பிறகு நாங்கள் டிக்கெட்டை ரத்துச் செய்து எவ்வளவு நாளாச்சு! இன்னும் அப்பாட்டச் சொல்லேல்லையே? பாவமெல்லே அந்த மனுசன்!"

விமலேஸ்வரி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொன்னால் மனுசன் திரும்பவும் தவிட்டுக் கதைக்குப் போயிடும் பிள்ளை. நாளைக்கு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் வாறாராம், அவற்ர கதையையும் கேட்டிட்டுச் சொல்லுறன்."