சபிக்க ஒரு பெயர்

"பேரு தெரியாம எப்படிச் சாபம் விடறது?" என்றாள் காதோனி.

நாளைக் காலை எங்கள் மார்க்கெட்டை இடிக்க வருகிறார்கள். இடத்தை வாங்கிய கம்பெனியை யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி, பிள்ளை பெற்ற மூத்த பெண்கள் நாங்கள் துணியை அவிழ்த்துச் சபித்தால் தப்பியவன் கிடையாது. ஆனால் யாரைச் சபிப்பது?

பங்குச்சந்தை ஆலோசகன் கிதாவு லேப்டாப்போடு வந்தான்.

"இந்த மாதிரி கம்பெனிங்க ஒவ்வொண்ணுக்கும் உலகம் பூரா செல்லுற தனி எண் ஒண்ணு இருக்கு, அத்தை. அதைப் போட்டா, எது யாருக்குச் சொந்தம்னு உச்சி வரைக்கும் தேடிடலாம். ம்... இதுக்கு மேல மொரிஷியஸ் கம்பெனி ஒண்ணு. அதுக்கு மேல நைரோபியில..."

"எவன்டா அவன்?" காதோனி தலைத்துணியை உருவி எறிந்தாள்.

"ஜாசிரி முதலீட்டுக் கம்பெனி."

நான் குறுக்கிட்டேன். "போன மாசம் லாபம் வந்துச்சுன்னு நம்ம சேமிப்புச் சங்கத்துல ஆடு வெட்டினோமே, அந்த ஜாசிரியா?"

"அதேதான். உங்களை மாதிரி சங்கங்க பங்கு போட்டு நடத்துற கம்பெனி."

"பங்கை வித்துட்டா?" என்றேன்.

"இன்னைக்கே வித்தாலும் நாளைக்கு இடிக்கத்தான் செய்வாங்க."

காதோனி குனிந்து தலைத்துணியை எடுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"எவளும் வாயைத் திறக்காதீங்கடி. நம்ம சாபம் பலிச்சுத் தொலைக்கும்."