மூட மாட்டேங்குது

"மாமா, படகைத் தள்ளவா, இல்ல சக்கரம் மாட்டவா?"

மச்சினன் கேட்டதில் தப்பே இல்லை. பன்னிரண்டு மிதி படகுகளும் சேற்றில் உட்கார்ந்திருந்தன. தண்ணீர் பத்தடி தள்ளிப் போய்விட்டது.

படகுக்காரருக்கு ரத்தம் கொதித்தது. பள்ளிக்கூட லீவு விட்ட முதல் நாள். டிக்கெட் ஜன்னலில் இப்போதே வரிசை. வருஷம் பூரா ஈ ஓட்டிவிட்டு, இந்தப் பதினைந்து நாளை நம்பித்தான் குடும்பமே ஓடுகிறது.

சின்ன மண் அணைதான். கரைக்கு இந்தப் பக்கம் இவருடைய படகுத்துறை, அந்தப் பக்கம் வயல்கள். காலையில் மதகு ஷட்டரைத் திறப்பார்கள், சாயங்காலம் மூடுவார்கள். நாலு நாளாக மூடவே இல்லை. ராப்பகலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நேற்று போன் செய்து கேட்டதற்கு மதகுக்காரர், "மூட மாட்டேங்குதுங்க" என்றார்.

"ஷட்டர் மூட மாட்டேங்குதா, நீ மூட மாட்டேங்கிறியா?"

மதகுக்காரர் போனை வைத்துவிட்டார்.

இன்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று படகுக்காரர் கரைமேல் விடுவிடுவென்று நடந்தார். வழியில் மனைவியின் போன்.

"என்னங்க, எடுத்த எடுப்புல கத்தாதீங்க. கொஞ்சம் பொறுமையா பேசுங்க."

"பொறுமையாவா? தண்ணி பொறுமையாவா போகுது?"

மதகடியில் நாலைந்து பேர் நின்றார்கள். நடுவில் பாசன சங்கத் தலைவி, இடுப்பு வரை சேறு, கையில் தாம்புக் கயிறு. அந்த அம்மாவைப் பார்த்ததுமே படகுக்காரருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஓஹோ, நீங்களே நின்னு நடத்துறீங்களா? போன மாசக் கூட்டத்துல நான் எதிர்த்துப் பேசினேன்னு பழி வாங்குறீங்க, அப்படித்தானே?"

"அண்ணே..."

"என்ன அண்ணே? அணையையே குடிச்சுட்டு அண்ணேவா? உங்களுக்கு வயல்னா எனக்குப் படகு. உங்க வீட்ல மட்டும்தான் அடுப்பு எரியணுமா?"

"அண்ணே, இங்க..."

"மேலதிகாரிகிட்ட எழுதிக் குடுக்கப் போறேன். ஒருத்தரையும் விட மாட்டேன்!"

தலைவி பெருமூச்சு விட்டார். "கத்தி முடிச்சிட்டீங்களா? முடிச்சிருந்தா இந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க. எங்களுக்குக் கை விட்டுப்போச்சு."

அப்போதுதான் படகுக்காரர் கீழே பார்த்தார். மதகு வாயருகில் கழுத்தளவு தண்ணீரில் மதகுக்காரர் நின்றிருந்தார். இடுப்பில் இன்னொரு கயிறு. முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது.

"கதவுக்கு அடியில என்னமோ சிக்கியிருக்குங்க" என்றார் அவர், மூச்சு வாங்க. "நாலு நாளா முங்கி முங்கிப் பார்க்கிறேன். கையை விட்டா ஆளையே இழுக்குது."

"வெளிப்பக்கம் கரை வேற அரிக்க ஆரம்பிச்சிருச்சு" என்றார் ஒரு விவசாயி. "இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா, வயலும் இருக்காது, உங்க படகுத்துறையும் இருக்காது."

படகுக்காரர் கயிற்றைப் பிடித்தார்.

மதகுக்காரர் முங்கினார். ரொம்ப நேரம் வரவில்லை. தலைவி வாய்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். முப்பதைத் தாண்டும்போது தலை மேலே வந்தது.

"கட்டிட்டேன். இழுங்க!"

எல்லோரும் இழுத்தார்கள். படகுக்காரர்தான் எல்லோரையும்விட வேகமாக இழுத்தார். உள்ளங்கை தோல் உரிந்தது. சட்டென்று கயிறு தளர, கரையில் வந்து விழுந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூட்டை.

லைஃப் ஜாக்கெட். முதுகில் படகுத்துறையின் பெயர், கொட்டை எழுத்தில்.

மதகுக்காரர் கரையேறி அதை அமுக்கிப் பார்த்தார்.

நாலு நாளைக்கு முன்னால், மதகுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, அந்த ஜாக்கெட்டுக்குள் இருந்த தக்கையைப் பிடுங்கிவிட்டு மண்ணை அடைத்து, நைலான் கயிற்றால் இறுகக் கட்டி, மதகு வாயில் திணித்தவர் படகுக்காரர்தான். வாயை அடைத்தால் தண்ணீர் குறைவாகப் போகும் என்று நினைத்தாரே தவிர, சாயங்காலம் கதவு இறங்கும்போது அதன்மேல் சிக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"அம்மா, இதுக்குள்ள மண்ணு..." என்று மதகுக்காரர் ஆரம்பித்தார்.

"படகுலேர்ந்து விழுந்து அடிச்சிட்டு வந்திருக்கும்" என்றார் தலைவி.

"இல்லம்மா, முடிச்சுப் போட்டு..."

"அடிச்சிட்டு வந்திருக்கும்னு சொன்னேன்ல? போய் மருந்து போட்டுக்க. அதுக்கு முன்னாடி கதவை மூடு."

மதகின் சக்கரம் சுற்றியது. ஷட்டர் தடதடவென்று இறங்கி உட்கார்ந்தது. நாலு நாள் இரைச்சல் ஒரே நொடியில் அடங்கியது.

படகுக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, தரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"நாளைக்கு... எத்தனை மணிக்குத் திறப்பீங்கம்மா?"

"திறக்கிறதா?" தலைவிக்கு எரிச்சல் தாங்கவில்லை. "நாலு நாளா நாங்க மூடத்தானே அண்ணே முட்டிக்கிட்டிருக்கோம்! பிள்ளைங்க லீவு முடியற வரைக்கும் எங்களுக்குத் தண்ணி வேணாம், உங்க படகுக்கு இருக்கட்டும்னு, ஷட்டர் சிக்கின அன்னிக்குக் காலைலயே சங்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம்."