பட்டறை வாசல் நிழல்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில், கள்ளக்குறிச்சியில் என் பெயின்ட் பட்டறை வாசலில் நின்ற புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். கயிறு கட்டி இழுத்தது மறியலில் முன்னால் நின்ற ராஜாங்கத்தின் பிக்கப் வண்டி. அன்றிலிருந்து நான் வெயிலில் வேகிறேன்.

அதற்கடுத்த வருஷம், அந்த வண்டியை விற்கப்போவதாகச் சொல்லி என்னிடமே கொண்டுவந்து நிறுத்தினார். கொஞ்சமும் கூச்சமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துருவைச் சுரண்டினேன். ஓட்டை விழுந்த இடங்களில் தகரம் வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீலப் பெயின்ட் அடித்தேன். காய்வதற்காக வெட்டவெளியில் நிறுத்தினேன்.

மதியம் ராஜாங்கம் கத்திக்கொண்டே வந்தார்.

"இன்னா பாய், வாங்கற ஆளு திருக்கோவிலூர்லேந்து வந்துக்கினு இருக்கான். வண்டிய நெழல்ல போட்டு வெச்சிருக்கீங்க?"

"இங்க ஏதுங்க நெழலு? இருந்த மரத்ததான் வெட்டிட்டீங்களே."

திரும்பிப் பார்த்தேன். வண்டியின் மேல் புளியங்கிளைகளின் நிழல் அசைந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. மேலே வெறும் வானம். தகரம் சில்லென்றிருந்தது. பெயின்ட் விரலில் ஒட்டியது.

இருவருமாக வண்டியை ரோட்டோரம் வரை தள்ளினோம். நிழலும் கூடவே வந்தது.

ராஜாங்கம் அவசரமாகக் கதவைத் திறந்தார். "போற வழியில காயட்டும்" என்று ஏறி வண்டியைக் கிளப்பினார். கொதிக்கிற தார் ரோட்டில் வண்டி போக, நிழலும் அதன் மேலேயே போனது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

"யோவ், அது என் பட்டறை நெழலு. எறக்கி வெச்சிட்டுப் போய்யா."