பழக்கம் அழிக்காதது

அது வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று தணிகாசலத்துக்கு இப்போது சரியாக நினைவில்லை. பழைய மடிக்கணினி பழுதாகிப்போனதால், கைமாறிய கணினிகள் விற்கும் கடைக்கு வேறொன்று வாங்கப் போனார். அங்கே, முன்பு வைத்திருந்தவர்களிடம் கற்றுக்கொண்ட பழக்கத்தை அழிக்காத பேசும் கணினிகள் பாதி விலை. கரண்டு பில் கட்ட இது போதுமென்று ஒன்றை எடுத்துவந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அது ஓர் ஆணின் குரலில் கேட்டது: "ஜெசிந்தா, மாத்திரை போட்டாச்சா?"

பதில் வராததால் மீண்டும் மீண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒரு வாரத்துக்குள்ள கொண்டுபோனா சும்மாவே அழிச்சுத் தருவாங்கல்ல?" என்றாள் மனைவி பூங்கோதை. "இல்ல, ஜெசிந்தாவையும் கூட்டிவந்து வெச்சுக்கப் போறீங்களா?"

ஏழாம் நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு அவர் செருப்பை மாட்டியபோது மணி எட்டு. பைக்குள்ளிருந்து கேள்வி வந்தது.

"போட்டாச்சுங்க," என்றாள் பூங்கோதை.

"சரிம்மா," என்று அது அடங்கியது. அவர் செருப்பைக் கழற்றினார்.

அன்றிலிருந்து ஜெசிந்தாவுக்காக அவளே பதில் சொன்னாள். சில நாளில் அது பூங்கோதை பெயரையும் சொல்லி, மாத்திரை போட்டாச்சா என்று கேட்கத் தொடங்கியது.

ஜெசிந்தா யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பூங்கோதை அடுத்த ஆவணியில் இறந்தாள். மகன் வீட்டுக்குப் போகுமுன் தணிகாசலம் அந்த மடிக்கணினியைப் பழக்கம் அழிக்காமலே விற்றார். இப்போது வேறொரு வீட்டில், காலை எட்டு மணிக்கு, அது இரண்டு பேரைக் கேட்கிறது.