செயின்ட் ஃபெலன் யாரோடும் சேராது

"கூட்டணியில சேர்றதும், சொந்த வீட்டை வித்துட்டு வாடகைக்குப் போறதும் ஒண்ணுதான்."

காபி மேஜைப் பக்கமிருந்து குரல் வந்தது. தட்டில் டோனட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த லோர்னா நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்லூரி நிர்வாகக் குழுத் தலைவர் ஹல்லிகன்தான். காலையிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் இதையே சொல்கிறார்.

பல கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் போட்டி நடத்திக்கொள்ளும் கூட்டணிகள் உண்டு; செயின்ட் ஃபெலன் கல்லூரியின் ஃபுட்பால் அணி அப்படி எந்தக் கூட்டணியிலும் இல்லை. அதற்கு எதிரணி பிடித்துத் தருவது லோர்னாவின் வேலை. நவம்பர் வந்தால் மற்ற கல்லூரிகள் தத்தம் கூட்டணிக்குள்ளேயே மோதிக்கொள்ளும். இவள் மட்டும் இண்டியானா மாநிலம் முழுக்க ஃபோன் போட்டு, "ஒரு சனிக்கிழமை ஒதுக்குவீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

வசந்தத்தில் ஒரு கூட்டணி, "ஓர் இடம் காலியாகுது, சேர்றீங்களா?" என்று கேட்டது. யோசித்துச் சொல்கிறோம் என்றது நிர்வாகக் குழு. இப்போது இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. இன்றுதான் ஓட்டெடுப்பு.

கூட்டம் தொடங்கியதும் கோச் மெர்ரில் எழுந்தார்.

"சார், நல்லா ஆடுற பசங்க பாதிப் பேர் வேற காலேஜுக்குப் போயிட்டாங்க. ஆட்டமே இல்லாத அணியில எவன் சார் இருப்பான்? இப்படியே போனா அணியையே கலைச்சுட வேண்டியதுதான்."

"ஆட்டம் இல்லைன்னா பயிற்சி பண்ணட்டும்," என்றார் ஹல்லிகன். எல்லோரும் சிரித்தார்கள்.

"கோப்பை வாங்கணும்னு அவங்களுக்கும் ஆசை இருக்காதா?"

"நம்ம அலமாரியில இல்லாத கோப்பையா?"

"அதெல்லாம் எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது சார்."

"வாங்கினவங்க யார் தயவுலயும் வாங்கல!" ஹல்லிகனின் குரல் உடைந்தது. "எங்க அண்ணன் முட்டி உடைஞ்சும் அந்த மைதானத்துல நின்னவன். அவன் கல்லறை முன்னாடி போய், 'உன் அணியைக் கூட்டத்தோட கூட்டமா சேர்த்துட்டோம்டா'னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போன அண்ணனுக்காக, இருக்கிற பையன்களை உட்கார வைக்கிறாரே! ஆனால் அவளுக்கு ஓட்டு இல்லை.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் 'சேர வேண்டாம்' ஜெயித்தது. குழுவிலிருந்த கிழவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரோ கல்லூரிப் பாட்டை ஆரம்பித்தார். கோச் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

"லோர்னா, கூட்டணித் தலைவருக்கு நீயே ஃபோன் பண்ணிடும்மா," என்றார் ஹல்லிகன். "பக்குவமா சொல்லு. அவங்க மனசு நோகக் கூடாது."

அவள் தன் அறைக்கு வந்து ஃபோன் செய்தாள். வரும் வழியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்படியே ஒப்பித்தாள்.

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

"அப்பாடா! வயித்துல பால் வார்த்தீங்க. அந்த இடத்தைப் போன மாசமே வேற காலேஜுக்குக் கொடுத்துட்டோம். உங்க பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

லோர்னா ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"இனிமே... வேற இடம் ஏதாவது காலியானா?"

"உங்களுக்குச் சொல்றதுக்கு என்ன, எங்க ஆளுங்க வேண்டாம்னுட்டாங்கம்மா. உங்க ஆட்டத்தைப் பார்க்க இப்பல்லாம் யாரு வர்றா?"

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த ஹல்லிகன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடிப் பாடி அவர் கண் கலங்கியிருந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

"பாவம். என்ன சொன்னாங்க?"

லோர்னா அவர் முகத்தையே பார்த்தாள்.

"கெஞ்சினாங்க சார்," என்றாள்.