சந்திரம்மா கேட்ட நூல்

"இருக்கறதுலயே மெல்லிசா ஒரு நூலு குடுங்கண்ணா. முள்ளும் சின்னதாவே இருக்கட்டும்."

சந்திரம்மா இப்படிக் கேட்டதும் வேணு அவள ஏற எறங்கப் பாத்தாரு. தேரடித் தெருவுல தூண்டில் சாமான் விக்கிற கடை அவரோடது ஒண்ணுதான். அடி அண்ணாமலை ஏரியில இருக்கற அந்த விராலு எப்பேர்ப்பட்டதுன்னு அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த ஒத்த மீனுக்காகத்தான் அவ புருஷன் தருமன் ரெண்டு வருஷமா கரையிலயே கெடக்கறான். மாட்டும், இழுக்கும், நூல அறுத்துக்கினு போயிடும். ஏரிக்கரை டீக்கடையில அவன் தலையக் கண்டாலே, "இன்னா தருமா, மீனு உன்னப் புடிச்சுதா?"ன்னு கேட்டுச் சிரிக்கறாங்க.

தருமன் வேணுவுக்குச் சின்ன வயசுக் கூட்டாளி. அவன ஊரே சிரிக்கறது இவருக்குத் தாங்கல.

"விராலுக்குப் பெரிய முள்ளு வேணும் தங்கச்சி. முறுக்கு நூல்ல கட்டி, உசுரோட தவளக் குஞ்சு கோத்து வுடணும். இது கெண்டை புடிக்கிற நூலு. ஒரு இழுப்புக்குத் தாங்காது."

"பரவால்லண்ணா. இதுவே போதும்."

எப்பவும் இதே பதில்தான். கரைய வுட்டு நகந்தா அந்த நேரம் பாத்து மீனு மேல வந்துடும்னு தருமன் கடைப் பக்கமே வரமாட்டான். சாமான் வாங்கறது இவதான். ஒவ்வொரு வாட்டியும் மட்டமானதாப் பாத்துப் பொறுக்கிக்கினு போவா.

கஞ்சத்தனம்னு மொதல்ல நெனச்சாரு வேணு. போன வாட்டி நல்ல நூல சும்மாவே குடுத்தப்பவும் அவ வேணாம்னு வெச்சுட்டுப் போனதும்தான் அவருக்கு வேற மாதிரி உறுத்திச்சு.

அந்த மீனைப் புடிச்சா யாருக்குக் குழம்பு வெப்பேன்னு இன்னிக்குக் கேட்டுப் பாத்தாரு. வீட்டுல யாரும் கவுச்சி தொடறதில்லையாம். தருமன் அத வுட்டே வருஷமாச்சாம்.

"ஒண்ணரைக் காணி நெலத்தையும் உன் பேருக்கு எழுதி வெச்சவன் அவன். அவன் ஆசப்பட்டது ஒரே ஒரு மீனு. அதுகூட அவனுக்குக் கெடைக்கக் கூடாதா?"

சந்திரம்மா நிமிந்து பாக்கல. "கெடைக்கக் கூடாதுண்ணா"ன்னா.

வேணுவுக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. கண்ணாடி மாதிரி மின்னற தூண்டில் நரம்பு ஒண்ண எடுத்து அவ முன்னாடி போட்டாரு. மெட்ராஸ்லேர்ந்து புதுசா வந்த நைலான். மாட்டக் கட்டி இழுத்தாலும் அறாது.

"நீ எந்த நூல வேணா எடுத்துக்கினு போ. காலையில நானே ஏரிக்கு சைக்கிள்ல போயி, இதே நரம்பையும் பெரிய முள்ளையும் அவன் தூண்டில்ல கட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சந்திரம்மா அப்படியே கடைப் படியில உக்காந்துட்டா. "ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"ன்னா.

அந்த நேரம் பாத்து, ஏரிப் பக்கமிருந்து சைக்கிள்ல வந்த ஊர்க்காரன் மண்ணாங்கட்டி கடை வாசல்ல கால ஊனி நின்னான். தருமன் விராலப் புடிச்சுட்டானாம், மீனு தொடை அளவு தண்டியா இருந்துச்சாம். ஆனா பைத்தியக்காரன், ரெண்டு கையால தூக்கி ஆசையாப் பாத்துட்டு, திரும்பத் தண்ணியிலயே வுட்டுட்டானாம். தூண்டிலையும் போட்டுட்டு மலையப் பாத்து நடந்து போறானாம்.

வேணுவுக்கு ஒண்ணும் வெளங்கல. சந்திரம்மாவப் பாத்தாரு.

"ரெண்டு வருஷம் முன்னாடி சாமியாராப் போறேன்னு மலையடிவாரத்துக்குப் போனவருண்ணா. இருக்கற ஆசையெல்லாம் முடிச்சுட்டு வான்னு அங்க இருக்கற சாமியாருங்க திருப்பி அனுப்பிட்டாங்க."

முந்தானையால வாயப் பொத்திக்கினு அவ மலைப் பக்கம் பாத்தா.

"அவருக்கு மிச்சம் இருந்தது அந்த மீனு ஒண்ணுதாண்ணா."